பரிணாமமும் என்ட்ரோபியும்: ஒரு நூலின் மீதான விமர்சனம்

இயற்பியலையும் உயிரியலையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. தனித்து விடப்பட்ட அமைப்பில் என்ட்ரோபி, அதாவது சிதறலின் அளவு, குறையாது என்கிறது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. எளிய உயிரிலிருந்து சிக்கலான உயிர் வந்தது என்கிறது பரிணாமம். இரண்டும் ஒத்துப்போகாது, எனவே பரிணாமம் பொய் என்பவர்கள் ஒரு புறம். பரிணாமமே என்ட்ரோபி கூடுவதன் விளைவுதான் என்றது, டேனியல் புரூக்ஸும் ஈ. ஓ. வைலியும் 1986-இல் வெளியிட்ட 'எவல்யூஷன் ஆஸ் என்ட்ரோபி' என்ற நூல். இரு தரப்பும் அந்தச் சொல்லின் மேல் அது தாங்காத சுமையை ஏற்றுகின்றன.

முதல் தரப்புக்கு விடை வடசென்னையிலேயே இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் பார் அனுப்பும் ஐஸ் கம்பெனியைப் பாருங்கள். 0 டிகிரியில் உள்ள 1 கிலோ தண்ணீர் உறையும்போது அதன் என்ட்ரோபி ஏறத்தாழ 1,220 ஜூல்/கெல்வின் குறைகிறது. ஆனால் விதி மீறப்படவில்லை. எந்திரம் வெளியே தள்ளும் வெப்பம் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபியை அதைவிட அதிகமாகக் கூட்டிவிடுகிறது. உயிரும் தனித்து விடப்பட்டதல்ல. ஒளியையோ உணவையோ வாங்கி வெப்பத்தை வெளியே விடுகிறது. எர்வின் ஷ்ரோடிங்கர் 1944-இல் 'வாட் இஸ் லைஃப்?' நூலில் இதைத் தெளிவாக்கினார்.

புரூக்ஸ், வைலி வாதம் வேறு. மரபுத் தகவலில் அமையக்கூடிய வகைகள் பெருகும் வேகத்தில் உண்மையில் தோன்றும் வகைகள் பெருகுவதில்லை. இந்த இடைவெளியே உயிரின் ஒழுங்கு என்கிறார்கள். இதற்கு அவர்கள் பயன்படுத்துவது கிளாட் ஷானன் 1948-இல் தந்த தகவல் அளவை. அதன் சூத்திரம் வெப்ப இயக்கவியல் என்ட்ரோபியின் சூத்திரத்தை ஒத்தது. சூத்திரம் ஒத்திருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மனித மரபுத்தொகுதியில் சுமார் 300 கோடி கார இணைகள். ஒவ்வோர் இடத்திலும் நான்கு எழுத்துகளில் ஒன்று என்பதால் அதிகபட்சம் 2 பிட். மொத்தம் 600 கோடி பிட். போல்ட்ஸ்மன் மாறிலியைக் கொண்டு ஜூல்/கெல்வினுக்கு மாற்றினால் சுமார் 6×10⁻¹⁴ தான் வரும். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது ஏற்படும் மாற்றம் இதைப்போல் ஏறத்தாழ 20 லட்சம் கோடி மடங்கு! இவ்வளவு சிறிய அளவைக் காட்டி, இரண்டாம் விதிதான் பரிணாமத்தை நடத்துகிறது என்பது நிற்காது.

இன்னொரு குறை. ஷானன் அளவை பொருளைப் பார்ப்பதில்லை. தாறுமாறாகக் கலைத்துப்போட்ட எழுத்து வரிசைக்குத்தான் அதில் அதிக மதிப்பு. பிழைத்து வாழ உதவும் வரிசையைப் பிரித்தெடுப்பது இயற்கைத் தேர்வு. நூல் அதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

நூலின் பலம் வரலாற்றை வலியுறுத்துவது. எண்ணிய உடலமைப்பெல்லாம் தோன்றிவிடாது. மூதாதையர் விட்டுச்சென்றதன் மேல்தான் புதியது அமையும். இது சரியான கருத்து. ஆனால் இதைச் சொல்ல என்ட்ரோபி தேவையில்லை.

2023-இல் என்சிஇஆர்டி தன் 10-ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அப்பாடம் இருக்கிறது. 'இரண்டாம் விதிப்படி பரிணாமம் நடக்கவே முடியாது' என்று யாரேனும் சொன்னால் நம் மாணவர் ஐஸ் கணக்கைச் சொல்லட்டும். 'பரிணாமமே இரண்டாம் விதிதான்' என்று மட்டும் பதில் சொல்ல வேண்டாம். எது நடக்க முடியாது என்பதை விதி சொல்லும். மீன் ஏன் மீனாயிற்று, நண்டு ஏன் நண்டாயிற்று என்பதற்குத் தேர்வையும் வரலாற்றையும்தான் கேட்க வேண்டும்.