ஒப்பாரிச் சூழலியலும் சேரியின் கிசும்பும்

தமிழில் சூழலியல் எழுத்துக்கு ஒரே ராகம்தான் தெரியும். அது ஒப்பாரி. ஏரி போச்சு, குருவி போச்சு, கம்பங்கூழ் போச்சு, பாரம்பரிய நெல் போச்சு. கட்டுரையானாலும் கவிதையானாலும் மேடைப் பேச்சானாலும், "ஒரு காலத்தில்" என்று தொடங்கி "இன்றோ" என்று மூக்கைச் சிந்தி முடிகிறது. போனது எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு காலம் யாருடைய காலம் என்ற கேள்வியை இந்த எழுத்து கேட்டுக்கொள்வதே இல்லை. கேட்டால் ஒப்பாரியில் சுருதி கலைந்துவிடும்.

ஏரியையே எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் பல ஊர்களில் மடை திறந்து, வாய்க்கால் பார்த்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் நம்ம சனங்க. எந்த மடையில் எத்தனை நாழிகை தண்ணீர் போகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பாய்ந்த வயல் அவர்களுடையதில்லை. ஊர்க் கிணற்றில் அவர்கள் வாளி விட முடியாது. ஏரியின் கணக்கைத் தெரிந்தவனுக்கு ஏரியில் பங்கில்லை. இந்த ஏரி தூர்ந்துபோனதற்கு நாங்களும் மாரடிக்க வேண்டும் என்றால், முதலில் அதில் எங்களுக்கு என்ன இருந்தது என்று சொல்லுங்கள் அய்யா.

இந்தியாவில் நீருக்காக நடந்த போராட்டங்களை வரிசைப்படுத்துகிறவர்கள் மகத்தை விட்டுவிடுகிறார்கள். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் போய் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்களே, அது சூழலியல் இல்லையாம், சமூகச் சீர்திருத்தமாம். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? பால், தயிர், சாணி, கோமியம் எல்லாவற்றையும் 108 பானைகளில் கரைத்துக் குளத்தில் ஊற்றித் தண்ணீரைச் 'சுத்தம்' செய்தார்கள். சாணி கரைத்தால் சுத்தம், மனுசன் கை பட்டால் அசுத்தம்! உலகத்தில் எந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இந்தச் சோதனை முறையைக் கண்டுபிடித்திருக்க முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. 2025 ஜனவரியில் காவல்துறை தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் தலித்துகள் மூவர் பெயரே இருந்தது. நீர் மாசு பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதுகிறவர்கள் இதையும் நீர் மாசு என்று எழுதினால்தான் அந்தச் சொல்லுக்கே பொருள் வரும்.

ஒப்பாரிக்கு எதிர்ப்பக்கத்தில் கொட்டுமேளம். அதன் பெயர் வளர்ச்சி. 2030க்குள் தமிழகத்தை ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரமாக்குவது அரசின் இலக்கு. ஒன்றுக்குப் பின்னால் எத்தனை சைபர் என்று நம்ம தெருவில் கேட்டால், "சைபரெல்லாம் எங்ககிட்டயே இருக்கு, ஒண்ணுதான் அவுங்ககிட்ட இருக்கு" என்பார்கள். இது வெறும் வாய்த்துடுக்கு அல்ல. வளர்ச்சிக் கணக்கின் சூத்திரத்தையே தொட்டுவிடுகிற பேச்சு. ஊற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்தால் அது உள்நாட்டு உற்பத்தியில் சேராது. ஊற்றைக் கெடுத்துவிட்டு அதே தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்றால் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. மீனவ மக்கள் வாளியும் மக்கும் வைத்துக் கையால் அள்ளினார்கள். எண்ணெயைச் சுத்திகரித்து விற்றதும் கணக்கில் வளர்ச்சி, சிந்திய எண்ணெயை அள்ளக் கொடுத்த கூலியும் வளர்ச்சி, அள்ளியவனுக்குச் சொறி வந்தால் மருந்துச் செலவும் வளர்ச்சி. கணக்கில் கழித்தல் குறியே கிடையாது. இதைப் பார்த்து அழுவதா? சிரிக்கத்தான் தோன்றுகிறது.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். 1990களின் தலித் எழுத்தை வலியின் இலக்கியம் என்று முத்திரை குத்தி ஓரத்தில் வைத்துவிட்டார்கள். பாமாவின் 'கருக்கு' (1992) பற்றிப் பேசுகிற அளவுக்கு அவருடைய 'கிசும்புக்காரன்' (1996) பற்றிப் பேசுவதில்லை. அதிலுள்ள 'அண்ணாச்சி' கதையில் ஒரு தலித் இளைஞன் நிலக்காரரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுகிறான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, வையவில்லை. உறவுமுறை சொல்லித்தான் கூப்பிட்டான். ஆனால் ஊரே ஆடிப்போகிறது. அதே தொகுப்பில், நிலத்தில் புல் அறுக்க வந்த பெண்களின் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுகிற நிலக்காரி ஒருத்தி வருகிறாள். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் யாருக்கு உரிமை என்று ஆய்வேடுகள் சுற்றிவளைத்துச் சொல்வதை அந்த ஒரு பிடி புல் சொல்லிவிடுகிறது. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) தன்னையே கேலி செய்துகொண்டு சாதியின் கோவணத்தை அவிழ்க்கிறது. கிசும்பு என்பது எதிர்த்துப் பேசக்கூடாதவன் பிடிபடாமல் எதிர்த்துப் பேசுகிற முறை. அது அழுத்தப்பட்டவனின் அளவுகோல். யாருக்கு என்ன கிடைத்தது, யார் தலையில் என்ன விழுந்தது என்று அது ஒரே வரியில் அளந்துவிடும்.

வடசென்னையில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டை ஒட்டிக் குடியிருக்கும் ஒரு அக்கா சொன்னார்: "ஊரு வளருது வளருதுங்கறாங்க. எங்க தெருவுலதான் அது கண்ணுக்குத் தெரியுது, மலையாட்டம்." சுமார் 350 ஏக்கர் குப்பை அது. செம்மஞ்சேரியில் ஒரு பெரியவர் சொன்னார்: "ஆத்தங்கரையில இருந்தா வெள்ளம் வந்துரும்னு இங்க கொண்டாந்து எறக்குனாங்க. இங்க வெள்ளத்துக்கு ஆத்தங்கரை வேணாம், அதுவா வூட்டுக்குள்ள வருது." கூவமும் அடையாறும் சுத்தமாக வேண்டும் என்று குடிசைகளைப் பிய்த்து, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே அடுக்கினார்கள். அதே சதுப்பில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களை யாரும் நகர்த்தவில்லை. 2021இல் குடிசை மாற்று வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது. தூரத்தில் கொண்டுபோய் விடுகிற வழக்கம் பெயரோடு சேர்ந்து மாறிவிடவில்லை.

எண்ணூரை முன்வைத்து 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தது. வசவாகிப்போன ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டு, அதைப் பெருமையாக்கியது நல்ல காரியம். வரி வராத பொது நிலம் என்ற பழைய பொருளை அது மீட்டது. நம்ம வேலையும் அதுதானே, இழிசொல்லைப் பிடித்துத் திருப்பி எறிவது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். புறம்போக்கு எல்லாருக்கும் பொதுவாக ஒருநாளும் இருந்ததில்லை. மந்தைவெளியிலும் குளத்திலும் சுடுகாட்டுப் பாதையிலும் பொது என்பதற்குள் நாங்கள் வரவில்லை. மீட்கவேண்டிய பொதுமை பின்னால் இல்லை, இனிமேல்தான் உண்டாக்க வேண்டும்.

மாற்று என்ற பேச்சும் இங்கேதான் இடறுகிறது. இயற்கை வேளாண்மை நல்லது. உரத்தையும் பூச்சிமருந்தையும் நம்மாழ்வார் கேள்வி கேட்டது சரியே. பஞ்சகவ்யம் பயிருக்கு நல்லதென்றால் ஊற்றட்டும். மகத் குளத்தில் ஊற்றியதும் ஏறக்குறைய அதே சரக்குத்தான் என்பதை நாங்கள் மறக்கமாட்டோம், அவ்வளவே. சாணி அள்ளுவது யார், அந்த வயல் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் மாற்றுக்காரர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். 1892இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையின் பேரில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. நிலமில்லாதவனுக்கு இயற்கை வேளாண்மை பற்றி வகுப்பெடுப்பது, பல்லில்லாதவனுக்குக் கரும்பு கொடுத்து உபசரிப்பது மாதிரி.

எல்லையில்லாத பொருளாதாரம் நிலைக்காது என்று ஜே.சி. குமரப்பா 1940களிலேயே எழுதினார். அவர் நம்பிய கிராமத்தை, குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடமென்று அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உடைத்தார். இரண்டு பேரையும் சேர்த்துப் படிக்காத மாற்று நமக்கு வேண்டாம். வளர்ச்சிக்கு எல்லை வேண்டும் என்பதை ஏற்கிறோம். ஆனால் "நுகர்வைக் குறையுங்கள்" என்று சேரிக்கு வந்து உபதேசம் செய்தால், "ஒரு வேளைச் சோத்துல எதக் கொறைக்கறது சாமி, சோத்தையா, உப்பையா?" என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு வரவேண்டும்.

சிரிப்பிலும் ஆபத்துண்டு. பண்ணையாள் அடிக்கிற நக்கலைப் பண்ணையாரும் ரசித்துவிட்டு, கூலியைக் குறைத்துக் கொடுத்ததுண்டு. சினிமா நம்ம நிறத்தையே நகைச்சுவையாக்கி விற்றது. ஆகவே ஒரு நக்கல் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, சிரித்த பிறகு என்ன கேட்கிறது என்று பார்க்கவேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்களே, தங்கள் வேலையைத் தனியாரிடம் தள்ளாதே, நிரந்தரமாக்கு என்று. 13ஆம் நாள் நள்ளிரவில் போலீசை வைத்துத் தூக்கினார்கள். நகரத்தின் சுற்றுச்சூழலைத் தினமும் கையால் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய கோரிக்கைதான் நான் அறிந்த உருப்படியான சூழலியல் திட்டம்.

எனவே எந்த மாற்றையும் மூன்று கேள்வியால் உரசிப் பார்ப்போம்: நிலம் யார் பேரில்? தண்ணீர் யார் கையில்? பீ அள்ளுவது யார்? மூன்றாவதுக்குப் பதில் மாறாத வரைக்கும் பசுமை என்பது பெயின்ட்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் சாக்கடைக்குழிச் சாவுகள் மிக அதிகம் பதிவான மாநிலங்களில் தமிழகமும் ஒன்று.

எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். குப்பைமேட்டிலும் தோல் பதனிடும் ஊர்களிலும் சாம்பல் படிந்த எண்ணூரிலும் நம்ம சனங்க பேசுகிற நக்கலை, சொலவடையை, கெட்ட வார்த்தையை, திருத்தாமல் பதிவு செய்யுங்கள். கூடவே அவர்கள் கேட்கிற நிலத்தையும் கூலியையும் எழுதுங்கள். அதை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் அச்சிட்டால் நாமும் பண்ணையார் வேலையைத்தான் செய்கிறோம்.