காற்று போகும் வழி

பைபிளின் எபிரேய மூலத்தில் பின்னல் சாளரத்துக்கு ஒரே சொல் என்று இல்லை. படைத்தலைவன் சிசெராவின் தாய் மகன் வரவை எதிர்பார்த்து நின்றது ‘எஷ்னாவ்’ அருகே. அகசியா ராஜா மேல்வீட்டிலிருந்து விழுந்தது ‘செவாகா’ வழியாக. அதற்கு வலைப்பின்னல் என்று பொருள். ‘அருபா’ இன்னும் விசித்திரம்: புகை வெளியேறும் துளை, புறா அடையும் பொந்து, மழை கொட்டும் வானத்தின் திறப்பு, எல்லாம் அதுவே. தமிழ் வேதாகமம் முதலாவதைப் பலகணி என்றும் இரண்டாவதைக் கிராதி என்றும் பெயர்த்தது. மூன்றாவதற்கு, நோவாவின் வெள்ளத்தில், ‘மதகு’ என்று போட்டது. ஏரிக்கரையில் நின்று பார்த்தவர் யாரோ போட்ட சொல்லாகத்தான் இருக்கும்!

நம்முடைய பழஞ்சொல் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. புகார் மாளிகையின் காலதரில் இளங்கோவடிகள் மானின் கண்ணைப் பார்த்தார். மயமதம் என்ற சிற்பநூல் பசுவின் கண், யானையின் கண் என்று சாளரத்துக்கு வகை சொல்கிறது. இவையெல்லாம் துளைக்கு வைத்த பெயர்கள். சட்டத்தை இவர்கள் பொருட்படுத்தவில்லை.

ஐதராபாத்தில் பின்னல் சாளரத்துக்கு ஜாலி என்று பெயர். குஜராத்துக்காரர்களுக்கு மணற்கல் வாய்த்தது. அகமதாபாத்தின் சிதி சையது பள்ளிவாசலில் (1573) கல்லே மரமாகிக் கிளைவிட்டிருக்கிறது. பதேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்டி அடக்கத்தலத்துக்குப் பளிங்கு. ஐதராபாத்துக்கு வாய்த்ததோ கருங்கல் பாறை. அதில் பூவேலையாகத் துளை போடுவது பெரும்பாடு. ஆகவே இங்குள்ள கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தை நம்பினார்கள். குதுப்ஷாகி கல்லறைகளிலிருந்து தோலி மஸ்ஜித் (1671) வரை அந்தக் கைதான். அதன் உச்சம் சந்தோஷ் நகர்ப் பக்கத்தில், நிஜாமின் பிரபுக்களான பைகா குடும்பத்தாரின் கல்லறைகளில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய இடம். நட்சத்திரக் கட்டம் ஒரு பக்கம், கொடியும் பூவும் மறுபக்கம். சிதி சையதின் மரத்துக்குப் புகழ் அதிகம். என் ஓட்டு பைகாவுக்கே. இளகிய சாந்தில் கோடு பிசகாமல் நிற்பது சாமான்யமல்ல.

ஜாலியை எடைபோட ஒரு வழி உண்டு: பின்னலைப் பார்க்காதீர்கள், அது தரையில் போடும் நிழலைப் பாருங்கள். நல்ல வேலையில் வெயில் சாயும்போதும் வடிவம் குழம்பாது.

இம்மலரைப் புரட்டும் ஐதராபாத் தமிழர்கள் சார்மினாருக்கு விருந்தாளிகளை அழைத்துப் போகும் நாளில், மாலை நான்கு மணிக்குள் பைகாவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.