கல்லூரி நூலகங்களும் திறந்த கல்வி வளங்களும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

திறந்த கல்வி வளங்கள் என்பவை கட்டணமின்றிப் படிக்கவும், படியெடுக்கவும், தேவைக்கேற்ப மாற்றவும், பிறருக்கு வழங்கவும் உரிமம் தரப்பட்ட பாடநூல்கள், காணொளிகள், ஆய்வகக் கையேடுகள், வினாத்தொகுப்புகள் முதலியனவாகும். 2002இல் யுனெஸ்கோ நடத்திய கூட்டமொன்றில் இப்பெயர் வழக்குக்கு வந்தது. 2019 நவம்பரில் அதே அமைப்பு இதற்கென ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் திறந்த வளங்கள் அல்ல. இந்த வேறுபாட்டை மாணவருக்குச் சொல்லித்தர வேண்டிய இடம் கல்லூரி நூலகம். அது அப்பணியைச் செய்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரம் இக்கேள்விக்குப் பொருத்தமான இடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் என்று பட்டியல் நீளும். பெங்களூர் நெடுஞ்சாலை நெடுகப் பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தனியார் சுயநிதிக் கல்லூரிகள். படிப்பவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வெளிநாட்டுப் பதிப்பாளரின் பாடநூல் ஒன்றை வாங்குவதற்கு முன் வீட்டில் கணக்குப் பார்ப்பவர்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. நாட்டின் மிகப் பெரிய திறந்தநிலைப் பொறியியல் பாடத் திட்டமான என்பிடெல், இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் ஒருங்கிணைப்பில் நடைபெறுகிறது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம் இது. ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம் 2018 ஜூனில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல், லினக்ஸ், பைத்தான், சைலேப் போன்றவற்றைத் தமிழ்க் குரலிலும் கற்றுத்தருகிறது. ஆகவே வளத்துக்குப் பஞ்சமில்லை.

சுவரொட்டியும் பயன்பாடும்

இவ்வட்டாரக் கல்லூரிகள் சிலவற்றின் நூலகப் பக்கங்களைப் பார்த்தேன். ஏறத்தாழ ஒரே பட்டியல்தான்: ஸ்வயம், என்பிடெல், தேசிய மின்னூலகம், சோத்கங்கா. பெயரும் இணைப்பும் இருக்கின்றன. எந்தப் பாடத்துக்கு எது, எந்த அலகுக்கு எத்தனையாவது வகுப்பு என்ற விவரம் இல்லை. பள்ளியில் நாங்கள் கரும்பலகையில் 'அகராதியைப் பார்' என்று எழுதிவிட்டு, அகராதியை அலமாரியில் வைத்துப் பூட்டினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான்.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்துக்கு வழக்கமாக ஐந்து அலகுகள் உண்டு. 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தை எடுத்துக்கொள்வோம். என்பிடெல்லில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பேராசிரியர்களின் தொடர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பல மணி நேரம். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மாணவர் எதைத் திறப்பார்? யூடியூபில் முதலில் வருவதைத் திறப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அலகுவாரியாக இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை நூலகரும் பாட ஆசிரியரும் சேர்ந்து ஒருமுறை தயாரித்துவிட்டால், பாடத்திட்டம் மாறும்வரை பயன்படும். அதே பாடத்திட்டத்தைப் பின்பற்றும் மற்றக் கல்லூரிகளும் எடுத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பதிலாக நடப்பது சான்றிதழ் எண்ணிக்கை. ஸ்வயம் படிப்புகளின் வழியாக ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை மதிப்பலகு பெற 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு வழிசெய்தது. 2021இல் அது 40 விழுக்காடாக உயர்ந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்பது கல்லூரியின் விளம்பரப் பலகைக்குப் போனது. எத்தனை பேருக்குப் பாடம் புரிந்தது என்பது எந்தப் பலகைக்கும் போகவில்லை.

செலவுக்கு மதிப்பெண்

நூலகர்களை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமன்று. நாக் மதிப்பீட்டுக் கையேடு பல ஆண்டுகளாக நூலகப் பகுதியில் கேட்ட முக்கியமான கேள்விகளில் இரண்டு இவை: எந்தெந்த மின்வளங்களுக்குச் சந்தா கட்டுகிறீர்கள்? நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுகிறீர்கள்? பணம் செலவழிக்காமல் நல்ல வளத்தைத் தேடிக் கொடுத்த நூலகருக்கு இக்கேள்விகளால் மதிப்பெண் கிடைக்காது. சிக்கனமாக இருந்தவர் படிவத்தில் பின்தங்கியவராகத் தெரிவார். இப்படி அளந்தால், திறந்த வளங்களை நிர்வாகம் ஏன் பொருட்படுத்தப் போகிறது?

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தையும் இங்கே பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். இதன் பயன் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் என்றே வகுக்கப்பட்டது. நெடுஞ்சாலை ஓரத்துச் சுயநிதிக் கல்லூரி மாணவர் அதற்கு வெளியே நிற்கிறார். அவருக்குத்தான் திறந்த வளம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. மேலும், இத்திட்டம் இதழ்களைத் திறக்கவில்லை; வாசல் காசை அரசு மொத்தமாகக் கட்டுகிறது, அவ்வளவே.

தமிழ் எங்கே?

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய இரு துறைகளிலும் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பட்டயப் படிப்புக்கும் பொறியியல் பட்டப்படிப்புக்குமான பாடநூல்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இ-கும்ப் தளத்தில் இலவசமாக வெளியிட்டுள்ளது. என்பிடெல் வகுப்புகள் பலவற்றின் எழுத்து வடிவமும் தமிழில் உண்டு. மொழிபெயர்ப்பின் தரம் எல்லா இடத்திலும் சீராக இல்லை. கலைச்சொற்கள் நூலுக்கு நூல் மாறுவது மாணவரைக் குழப்பும். ஆனாலும் பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் திக்குமுக்காடும் பிள்ளைக்கு ஆங்கில நூலின் பக்கத்தில் வைத்துப் படிக்க இவை போதும்.

நான் பார்த்த நூலகப் பட்டியல்களில் இ-கும்ப் இல்லை, ஸ்போக்கன் டுட்டோரியலின் தமிழ்ப் பதிப்பும் இல்லை. தமிழில் படிப்பதைக் குறைவாக எண்ணும் பழக்கம் பொறியியல் கல்லூரிகளில் இருக்கிறது. நூலகமும் அதற்குப் பணிந்துபோகிறது என்றே தோன்றுகிறது. கலைச்சொல் பிழைகளைத் திருத்தி அனுப்பும் ஒரு மாணவர் குழுவை நூலகம் உருவாக்கலாம். மாற்றும் உரிமை தரப்பட்ட வளங்களில் இதற்குத் தடையே இல்லை.

வாசலுக்கு வெளியே

இந்த வட்டாரத்தில் படிக்க விரும்புபவர் எல்லாரும் கல்லூரி அடையாள அட்டை வைத்திருப்பவர் அல்லர். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இந்த வட்டார ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பிளஸ் டூ முடித்தவர்களும் டிப்ளமோ படித்தவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் ஷிப்டு முடிந்து வந்து அஞ்சல்வழியில் பட்டம் படித்தார். இக்னோவின் பாடங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாக இருப்பதை இரண்டாம் ஆண்டில்தான் ஒரு தோழி சொல்லித் தெரிந்துகொண்டார். அவர் அறைக்கு மூன்று கிலோமீட்டரில் குளிரூட்டிய கல்லூரி நூலகம் ஒன்று இருந்தது.

ஐ.டி.ஐ. மாணவர்களின் நிலையும் இதுதான். அவர்களுக்கான பாடநூல்களைத் தயாரிக்கும் நிமி நிறுவனம் கிண்டியில் இருக்கிறது, தமிழிலும் வெளியிடுகிறது. பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் பாடப்பொருளும் வினாத்தொகுப்பும் கிடைக்கின்றன. ஆலைகளில் தொழில் பழகுநராக இருக்கும் இளைஞரிடம் இதைச் சொல்ல யாருமில்லை.

1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எஸ். ஆர். இரங்கநாதன் தம் நூலக விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இன்று வண்டியும் மாடும் வேண்டாம். உரிமம் இடம் தருகிற வகுப்புகளையும் நூல்களையும் ஒரு வன்தட்டில் பதிந்து, விடுதி வரவேற்பறையிலுள்ள கணினியில் ஏற்றினால் போதும். விடுதியில் இணையம் மந்தமாக இருந்தாலும் படிக்கலாம். எந்த வளத்தை அப்படிப் படியெடுக்கலாம், எதை இணையத்தில் மட்டுமே படிக்க முடியும் என்று பிரித்துக் காட்டுவது நூலகரின் வேலை. தேசிய மின்னூலகத்திலேயே இரண்டு வகையும் கலந்துதான் கிடக்கின்றன.

இன்னொன்று. இக்கல்லூரிகளின் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் ஆய்வகக் கையேடுகளும் வினாவங்கிகளும் எழுதுகிறார்கள். அவை துறை அலமாரியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் தங்கிவிடுகின்றன. எழுதியவரின் பெயரைப் போட்டு, படைப்பாக்கப் பொதும உரிமத்தில் நூலகம் வெளியிட்டால், வாங்கும் கல்லூரி கொடுக்கும் கல்லூரியாகவும் ஆகும். சந்தா தேவையில்லை. துறைத்தலைவரின் ஒப்புதலும், நூலகத்தில் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். பல கல்லூரிகளில் அந்த ஒருவர் மாணவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.