கடவுச்சீட்டு அளக்கும் நடுநிலை

2002 ஜூன் 30 அன்று யோக்கஹாமாவில் பிரேசில்–ஜெர்மனி உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நடத்தியவர் பியர்லூயிஜி கொலினா. அதற்கு 12 நாள் முன்புதான் அவருடைய இத்தாலி தென்கொரியாவிடம் கோல்டன் கோலில் தோற்று வெளியேறியிருந்தது. இத்தாலி இறுதிவரை முன்னேறியிருந்தால், அக்காலத்தின் தலைசிறந்த நடுவருக்கு அந்த ஆட்டம் கிடைத்திருக்காது. அடுத்த உலகக் கோப்பைக்குள் அவர் 45 வயது வரம்பைக் கடந்துவிட்டார்.

சொந்த நாடு ஆடும் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அந்த நாடு போட்டியில் நீடிக்கும்வரை பெரிய ஆட்டங்களில் அவரை ஒதுக்கிவைக்கும் வழக்கத்துக்கும் வலுவான காரணம் உண்டு. 1966 காலிறுதியில் இங்கிலாந்து–அர்ஜென்டினா ஆட்டத்தின் நடுவர் ஜெர்மானியர். மேற்கு ஜெர்மனி–உருகுவே ஆட்டத்தின் நடுவர் ஆங்கிலேயர். முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் தலைவர் ராத்தின் வெளியேற்றப்பட்டார். இரண்டாவதில் உருகுவே வீரர்கள் இருவர். பிறகு அந்த இரண்டு ஐரோப்பிய அணிகளே இறுதியில் மோதின. நடுவர்கள் நேர்மையாகவே நடந்திருக்கலாம். ஆனால் தென் அமெரிக்காவின் ஐயத்தைப் போக்க அந்த நேர்மை மட்டும் போதவில்லை.

இந்த வழக்கத்தின் குறையே, அது ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதுதான். நடுவரின் நாட்டுக்கு இனி ஆதாயம் வரக்கூடுமா என்று கேட்கும். அந்த நாட்டைத் தோற்கடித்த அணி எதிரில் நிற்கிறதா என்று கேட்காது. 2018இல் அர்ஜென்டினாவை வெளியேற்றியது பிரான்ஸ். பிரான்ஸ் ஆடிய இறுதிக்கு நடுவர் அர்ஜென்டினாவின் நெஸ்டர் பிடானா. 2022இல் போலந்தை அர்ஜென்டினா குழு ஆட்டத்தில் 2–0 என்றும், பிரான்ஸ் அடுத்த சுற்றில் 3–1 என்றும் வென்றன. அவை மோதிய இறுதியை நடத்தியது போலந்தின் சைமன் மார்சினியாக். ஆட்ட நேரத்தில் மூன்று பெனால்டிகள் தந்த, 3–3 என முடிந்த அந்தக் கடினமான ஆட்டத்தை அவர் உறுதியுடன் கையாண்டார். கடவுச்சீட்டைவிட மனிதரின் திறமையும் மனத்திண்மையுமே நடுநிலையைக் காக்கின்றன என்பதற்கு எனக்கு அதுவே போதிய சான்று.

உலகக் கோப்பைக்கே தகுதி பெறாத நாட்டிலிருந்து வருவோருக்கு இந்தத் தடை இல்லை. உஸ்பெகிஸ்தானின் ரவ்ஷன் இர்மாத்தோவ் மூன்று உலகக் கோப்பைகளில் 11 ஆட்டங்களை நடத்தினார். 2002இல் உதவி நடுவராகச் சென்ற சென்னையின் கோமளீஸ்வரன் சங்கருக்கும் அதே நிலைதான்.

வழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. 1966இன் கசப்பு திரும்பக் கூடாது. ஆனால் ஒருவரின் வாழ்நாள் உழைப்பை இறுதிப் போட்டி கிடைத்ததா என்று கேட்டு எடைபோடுவது அநியாயம். ஃபிபா ஒவ்வோர் ஆட்டத்திற்குமான நடுவர் மதிப்பீட்டை வெளியிட்டால், தடை யாரிடமிருந்து எதைப் பறித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதியை நடத்திய கிளெமான் துர்ப்பேன் 2018, 2022 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் தேர்வானவர். அவர் பிரெஞ்சுக்காரர். இரண்டிலும் பிரான்ஸ் இறுதிவரை சென்றது. இரண்டு முறையும் அவர் பெயரைப் பரிசீலிக்கவே வழியில்லாமல் போனது.