பெயர் சொல்லாத படம்

1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், முருகன் கோயில் உள்ள வல்லக்கோட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தக் கொலையை மனதில் வைத்துச் சந்தோஷ் சிவன் இயக்கி 1998-இல் வெளிவந்த ‘தி டெரரிஸ்ட்’ தமிழ்ப் படத்தில் ஸ்ரீபெரும்புதூர் இல்லை, ஈழம் இல்லை, விடுதலைப் புலிகள் இல்லை. கொல்லப்பட வேண்டிய தலைவருக்குப் பெயர்கூட இல்லை. இந்த மௌனம் படத்துக்குப் பலமா, நழுவலா?

நழுவல் என்று உடனே சொல்லிவிட முடியாது. அதே 1998 ஜனவரியில்தான் பூந்தமல்லி தடா நீதிமன்றம் ராஜீவ் கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்திருந்தது. அந்தச் சூட்டில் தற்கொலைப் போராளி ஒருத்தியின் முகத்தை இவ்வளவு அருகில் போய்ப் பார்க்கத் துணிந்ததே பெரிது. ஆயிஷா தார்கர் நடித்த அந்தப் போராளி மல்லிக்கு வயது பத்தொன்பது. கேமரா அவள் கண்ணையும் மூச்சையும் விட்டு விலகுவதே இல்லை. கெய்ரோ விழாவின் தங்கப் பிரமிடும், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது வியப்பல்ல.

ஆனால் போரில் சிக்கிய குழந்தை என்று பார்த்தால் அது மல்லி அல்ல, லோட்டஸ் என்கிற சிறுவன். கண்ணிவெடி புதைந்த காட்டிலும் ஆற்றிலும் போராளிகளுக்கு வழிகாட்டுவதுதான் அவன் பிழைப்பு. எந்த அடியில் சாவு இருக்கிறது என்று அவன் காலுக்குத் தெரியும்; ரத்தம் என்றால் அழுகை வந்துவிடும். இலட்சியம் பேசுவதில்லை, வீரமும் காட்டுவதில்லை. பெரியவர்களின் சண்டை அவனை ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறது, பிறகு அவனும் கொல்லப்படுகிறான். போரில் பறிபோன பிள்ளைப் பருவத்தைப் பற்றி இந்தப் படம் சொல்ல வேண்டியதெல்லாம் இந்தப் பகுதியிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது.

பிள்ளையையும் ஆயுதத்தையும் சேர்த்தே அழகாகப் பார்ப்பது நமக்குப் பழக்கம். வல்லக்கோட்டைக் கோயிலில் முருகன் ஏழடி உயரம் நிற்கிறார். நம் வீட்டுக் காலண்டரில் அவரே வேல் பிடித்த பாலகன். தேவர் படைத்தலைவனைக் குழந்தையாகக் கொஞ்சுகிறவர்கள் நாம். தந்தையையும் கணவனையும் போரில் இழந்தவள், இருக்கிற ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்புவதைப் பாடும் புறநானூற்று 279-ஆம் பாட்டைப் பள்ளியில் பெருமையாகவே நடத்துகிறோம். அந்தப் பையனுக்கு என்ன வயது, போக விருப்பமா என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. மல்லியை மழையிலும் மெல்லொளியிலும் நனைத்தெடுக்கும் கேமராவுக்கும் இந்த அழகுப் பழக்கம் உண்டு. லோட்டஸிடம் மட்டும் அது பலிக்கவில்லை. அவன் அழுகையை அழகாக்க எந்த லென்ஸாலும் முடியாது.

இரண்டாம் பாதியில்தான் படம் சறுக்குகிறது. தலைவரைக் கொல்ல வந்து விவசாயி ஒருவர் வீட்டில் தங்கியிருக்கும் மல்லி, தான் கர்ப்பம் என்று அறிகிறாள். தயக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. கர்ப்பம் இல்லாவிட்டால் அவளுக்குத் தயங்கக் காரணமே இருந்திருக்காதா? பத்தொன்பது வயதில் சாகப் பிடிக்கவில்லை என்பது போதாதா? ஒரு மனுஷியின் மறுப்பாக இருக்க வேண்டியதைத் தாய்மையிடம் ஒப்படைத்ததில் அவளை அனுப்பிய இயக்கம் தப்பித்துக்கொண்டது. அவளை இந்த வயதில் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார் என்ற கேள்வி எழவே இல்லை.

அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. பதின்பருவத்தில் புலிகளிடம் சேர்ந்து வெளியேறியவர். 2001-இல் வந்த அவருடைய ‘கொரில்லா’ நாவல் இயக்கத்தையும் ஊரையும் பெயர் சொல்லியே பேசுகிறது, நடுநடுவே சிரிக்கவும் வைக்கிறது. பின்னாளில் இலங்கையில் ஆயிரக்கணக்கான சிறார் சேர்க்கைகளை யுனிசெஃப் பதிவு செய்தது. 2004-இல் புலிகளிடமிருந்து பிரிந்த கருணா அணியும் பிள்ளைகளைப் பிடித்தது. பெயரைத் தவிர்க்கும் கலைக்கு இதையெல்லாம் தொடவே வழியில்லை.

ஆகவே என் கணக்கில் இது பாதி மகத்தான படம். சிறார் போராளிகளைப் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். மல்லி அந்த விவசாயி வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் நிறுத்திவிடுவேன்.