இழுக்கும்போதே மாற வேண்டும்

ஒற்றைத் திரைச் செயலிகளில் எது உசத்தி என்று பேச்சு வந்தால் நண்பர்கள் பெரும்பாலும் செகனோவ்ஸ்கியின் பெயரைச் சொல்வார்கள். 2022-ல் அவர் வெளியிட்ட கைக்கடிகாரப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் வாயில் வருவது கஷ்டம்தான். சுருள்வில்லில் தொடங்கி முள் வரைக்கும் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அத்தனையும் எந்த லைப்ரரியையும் நம்பாமல் அவரே எழுதிய ஜாவாஸ்கிரிப்ட். இன்னொரு கூட்டம் பிரெட் விக்டர் பக்கம் நிற்கிறது. வாக்கியத்துக்கு நடுவே இருக்கிற எண்ணைப் பிடித்து இழுத்தால் மீதி வாக்கியமே மாறுகிற வித்தையை 2011-ல் காட்டியவர் அவர். இருவர் மேலும் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் என் ஓட்டு ஜியோஜிப்ரா என்கிற கணித மென்பொருளுக்குத்தான். அதிலும், ஒரு புள்ளியைப் பிடித்து இழுக்கிற அந்த ஒரு காரியத்துக்கு மட்டுமே கூட ஓட்டுப் போடுவேன்.

கேரளத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கில் வட்டங்கள் பாடம் எடுத்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். ஒரு விட்டம், வட்டத்தின் மேல் ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து விட்டத்தின் இரு முனைக்கும் கோடு, பக்கத்தில் கோணத்தின் அளவு. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியின் லேபில் ஒரு பெண் அந்தப் புள்ளியை வட்டத்தின் மேலேயே இழுத்துக்கொண்டு போனாள். முக்கோணம் நீள்கிறது, குறுகுகிறது, சாய்கிறது. எண் மட்டும் 90-லேயே நிற்கிறது. "சார், இது நகரவே மாட்டேங்குது, ஹேங் ஆயிடுச்சு" என்றாள். மவுஸை உதறிப் பார்த்தாள். பிறகு வட்டத்துக்குள் வேறொரு புள்ளியை வைத்து, அதிலிருந்து இரு முனைக்கும் கோடு போட்டு இழுத்தாள். எண் 97, 104, 121 என்று ஏறியது. வட்டத்துக்கு வெளியே கொண்டுபோனதும் 90-க்குக் கீழே இறங்கியது. திரும்ப உள்ளே, திரும்ப வெளியே. கோட்டைத் தாண்டுகிற அந்த மயிரிழையில் மட்டும் கையை மெதுவாக்கினாள். அரைவட்டக் கோணத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லத் தேவை இருக்கவில்லை.

மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காக இதைத் தொடங்கியது 2001-ல். அப்போது அது ஜாவாவில் ஓடியது. பின்னாளில் பிரவுசருக்குள் முழுசாகக் குடிபெயர்ந்தது. குடிபெயர்ந்த பல மென்பொருள்கள் வழியில் எதையாவது தொலைத்துவிடும். ஜியோஜிப்ரா இழுப்பைத் தொலைக்கவில்லை. நம் பள்ளிகளில் கேரள அரசின் கைட் நிறுவனம் கொடுத்திருக்கிற லினக்ஸில் அது இன்டர்நெட் இல்லாமலே ஓடுகிறது. மூணாறிலும் வண்டிப்பெரியாரிலும் மழைக்காலத்தில் பாடம் எடுத்தவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தின் அருமை புரியும்.

செகனோவ்ஸ்கியைவிட இதை ஏன் மேலே வைக்கிறேன் என்றால், அவருடைய பக்கத்தில் எதை இழுக்கலாம் என்பதை அவர் தீர்மானித்துவிட்டார். நாம் ரசிக்கிறோம். ஜியோஜிப்ராவில் எதை இழுக்கலாம் என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறது. போதாக்குறைக்கு, கடிகாரப் பக்கம் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். மேலே பார்த்த வில்லையும் கீழே பார்க்கிற சக்கரத்தையும் மனசுக்குள்தான் சேர்க்க வேண்டும். ஒரே திரைக்குள் எல்லாம் அடங்கியிருப்பதற்கென்று ஒரு கௌரவம் இருக்கிறது. காரணமும் விளைவும் ஒரே பார்வையில் விழ வேண்டும்.

இனி என் பிடிவாதத்துக்கு வருகிறேன். ஸ்லைடர் வைத்துப் பக்கம் கட்டப் பழகுகிறவர்களுக்கு முன்னால் இரண்டு ஈவென்ட் நிற்கும். ஒன்று இன்புட், இன்னொன்று சேஞ்ச். எதை எழுதினாலும் பக்கம் ஓடும், பரீட்சையில் எதற்கும் மார்க் வரும். சேஞ்ச் என்று எழுதினால், குமிழை இழுத்து, நிறுத்தி, கையை எடுத்த பிறகுதான் விடை மாறும். இன்புட் என்று எழுதினால் இழுக்க இழுக்க மாறிக்கொண்டே வரும். இந்த ஒரு சொல்லில்தான் நல்ல பக்கமும் சுமாரான பக்கமும் பிரிகின்றன என்பது என் கட்சி. சேஞ்ச் வைத்த பக்கத்தில் தெரிவது இரண்டு விடைகள்: முந்தையது, பிந்தையது. இன்புட் வைத்த பக்கத்தில் இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி முழுவதும் தெரிகிறது. எங்கே விறுவிறுவென்று ஏறுகிறது, எங்கே சோம்பிப் படுக்கிறது, எந்த இடத்தில் லாபம் நஷ்டமாகிறது என்பதெல்லாம் அந்த வழியில்தான் கிடக்கிறது. லேபில் அந்தப் பெண் கோட்டைத் தாண்டும்போது கையை மெதுவாக்கினாளே, சேஞ்ச் வைத்த பக்கத்தில் அது நடக்கவே நடக்காது.

பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் மனிதர்களுக்கு அது தாமதமாகவே படாது என்று யாக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிவைத்தார். ஒரு திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒவ்வொரு தடவைக்கும் கிடைப்பது கிட்டத்தட்ட 17 மில்லி நொடி. நாலு பெருக்கல், இரண்டு கழித்தல் போட இன்றைய விலை குறைந்த போனுக்கும் அது தாராளம். அப்படியிருந்தும் நாம் பார்க்கிற பக்கங்கள் தாமதிக்கின்றன என்றால் குறை மெஷினில் இல்லை.

உடும்பன்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என்னிடம் வலைப்பக்கம் கட்டப் பழக வந்தான், பிளஸ் டூ முடித்த கையோடு. வீடியோ பார்த்து ரியாக்ட் பழகியிருந்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் எண் ஒன்று கூடுகிற பக்கத்துக்கு அவன் லேப்டாப்பில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் இருந்தன. "எல்லாத்தையும் மூடு தம்பி. ஒரே ஒரு எச்.டி.எம்.எல். ஃபைல் திற" என்றேன். வீட்டில் ஏலத்தோட்டம். எனவே விஷயம் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. பச்சைக்காய் எத்தனை கிலோ, ஸ்டோரில் உலர்த்தினால் நூற்றுக்கு எத்தனை நிற்கும், கிலோ என்ன விலை, பறிகூலி எவ்வளவு. நாலு ஸ்லைடர், கீழே ஒரு பெரிய எண்: கையில் நிற்கும் தொகை.

முதல் தடவை "கணக்கிடு" என்று ஒரு பொத்தான் வைத்திருந்தான். எடுத்துவிடச் சொன்னேன். அடுத்து, நாலு ஸ்லைடருக்கும் நாலு ஃபங்ஷன் எழுதினான். மூன்று ஒழுங்காக ஓடின. கூலியை மாற்றினால் மட்டும் பழைய விலையில் கணக்குப் போட்டது. அங்கேதான் நிஜமான பாடம் ஆரம்பம். மாறக்கூடிய நாலு எண்ணையும் ஒரே ஆப்ஜெக்டில் வை. அதற்கு 'நிலை' என்று பெயர் வை. அந்த நிலையைப் பார்த்துத் திரை முழுவதையும் புதிதாக எழுதுகிற ஒரே ஒரு ஃபங்ஷன் போதும், அதற்கு 'வரை' என்று பெயர். எந்த ஸ்லைடர் அசைந்தாலும் நிலையை மாற்று, வரையைக் கூப்பிடு. அவ்வளவுதான். நிரல் மொத்தமும் ஒரு திரைக்குள் அடங்கியது.

அதை அவன் அப்பாவிடம் போனில் காட்டினான். நூறு கிலோ பச்சைக்காய், நூற்றுக்கு 20 நிற்கிறது, கிலோ 2,000 ரூபாய் என்று வைத்தால் கூலிக்கு முன்னால் 40,000. அவர் விலையைத் தொடவில்லை. உலர்கிற கணக்கைப் பிடித்து 20-லிருந்து 18-க்கு மெதுவாக இழுத்தார். தொகை 36,000-க்கு வழுக்கிக்கொண்டு வந்தது. "பிஞ்சாப் பறிச்சா இவ்வளவு போகுதாடா?" என்று கேட்டுவிட்டு மறுபடி 20-க்குக் கொண்டுபோனார், மறுபடி இறக்கினார். விலை ஏலத்தில் யார் கையிலோ இருக்கிறது, பறிக்கிற பக்குவம் தன் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாததல்ல. அதன் அளவைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான்.

ரியாக்ட் பிரியர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2013-ல் அது வந்தபோது கொண்டுவந்த யோசனை, அதாவது திரை என்பது நிலையின் விளைவு மட்டுமே என்பது, மகத்தான யோசனை. நான் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதையேதான். பெரிய குழு சேர்ந்து பெரிய செயலி கட்டும்போது ஃபிரேம்வொர்க் தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் முதல் பாடமாக அதை வைத்தால் இன்புட்டுக்கும் சேஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாமலே ஒருவர் வேலைக்குப் போய்விடலாம். ரியாக்டில் ஆன்சேஞ்ச் என்று எழுதினாலும் அது இன்புட் போலவே நடந்துகொள்ளும். வசதிதான். ஆனால் எந்த நொடியில் எது மாறுகிறது என்று யோசிக்கவேண்டிய இடத்தை அந்த வசதி மூடிவிடுகிறது.

கேரளத்துப் பிளஸ் டூ கம்ப்யூட்டர் புத்தகத்தின் மேல் எனக்கு இதைவிடப் பெரிய மனத்தாங்கல். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அங்கே ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. பல மாநிலங்களில் அதுகூட இல்லை, நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் பயிற்சிகளின் போக்கு ஒன்றுதான்: பெட்டியில் எண்ணைப் போடு, பொத்தானை அழுத்து, இன்னொரு பெட்டியில் விடை. எட்டாம் வகுப்பிலிருந்து ஜியோஜிப்ராவில் இழுத்துப் பழகிய கைகள் அவை. தாங்களே ஒன்றைக் கட்டும்போது மட்டும் பொத்தானோடு நின்றுவிடுகின்றன. ஒரே ஒரு ஸ்லைடர் பயிற்சி சேர்த்தால் போதும், எட்டாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடிச்சுப் போட்டுவிடலாம்.

நம்மவர்களுக்கு இந்த ரசனை புதிதும் அல்ல. வலைப்பூக்கள் வந்த காலத்தில் தமிழில் எழுதிய எல்லோரும் சுரதாவின் எழுத்துமாற்றிப் பக்கத்தைக் கடந்து வந்தவர்கள்தான். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. மேலே ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடிக்க அடிக்கக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தமிழ் முளைத்துக்கொண்டு வரும். சித்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, இணைப்பை நிறுத்திவிட்டு, மணிக்கணக்கு ஏறாமல் கடிதம் எழுதியிருக்கிறேன். அலங்காரம் எதுவும் கிடையாது. ஒரே ஃபைல், ஒரே திரை, விரல் வைத்த நொடியில் பதில். ஏறக்குறைய அதே காலத்தில்தான், 2005 பிப்ரவரியில், கூகுள் மேப்ஸ் வந்தது. அதுவரை வலையில் வரைபடம் பார்ப்பதென்றால் ஓரத்து அம்புக்குறியை அழுத்திவிட்டுப் பக்கம் முழுவதும் மறுபடி வருவதற்குக் காத்திருக்க வேண்டும். வரைபடத்தையே பிடித்து இழுக்கலாம் என்று தெரிந்த அன்று உலகமே கைக்கு வந்த மாதிரி இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றதும், அதில் செய்த ஆயிரமாயிரம் பாடப் பக்கங்கள் இருண்டன. கொலராடோ பல்கலைக்கழகத்து ஃபெட் குழுவினர் தங்களுடைய பழைய சிமுலேஷன்களில் பலவற்றை ஒவ்வொன்றாக எச்.டி.எம்.எல். 5-க்கு மாற்றியிருக்கிறார்கள். தமிழிலும் பல கிடைக்கின்றன. மற்றவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தை வீடியோவால் நிரப்பிவிட்டார்கள். வீடியோவை நிறுத்தலாம், ஓட்டலாம். கேள்வி கேட்க முடியாது. இன்டராக்டிவ் என்று அட்டையில் போட்டு விற்கிறவற்றைத் திறந்தால் நாலு விடை, ஒரு நெக்ஸ்ட் பொத்தான். எண்ணைச் சட்டென்று காட்டாமல் அழகுக்காக அரை நொடி வழுக்கவிடுகிற பழக்கம் வேறு பரவியிருக்கிறது. இழுத்த கைக்கும் வந்த விடைக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு திரை போடுவதுதான் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்லைடர்களை ஒரு இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தை அப்படியே இன்னொருவருக்கு அனுப்ப முடிய வேண்டும். நாலு எண்ணையும் முகவரியின் வாலில் கோத்துவிட்டால் முடிந்தது, சின்ன வேலை. அதைச் செய்யாமல், லிங்கைத் திறந்தால் முகப்புக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற பக்கங்கள்தான் இப்போது அதிகம்.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் இடுக்கி எல்லையில் எனக்குப் பிடித்த திரை ஏலக்காய் ஏலத்தின் திரை. 2007-ல் போடிநாயக்கனூரில் மின்னணு ஏலம் தொடங்கியது, பிறகு மலைமேல் புற்றடியிலும் வந்தது. லாட் எண், எத்தனை மூட்டை, எவ்வளவு எடை, இப்போது நிற்கும் விலை. வியாபாரிக்கு வேண்டியது அவ்வளவும் ஒரே பார்வையில் இருக்கும், வேண்டாதது எதுவும் இருக்காது. விலை ஏற ஏற எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரியும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோதும் அதே எளிய திரைதான்.

ஆனால் காய் அனுப்பிய விவசாயிக்குக் கிடைப்பது ஸ்பைசஸ் போர்டு வெளியிடுகிற அட்டவணை: தேதி, லாட் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, அதிகபட்ச விலை, சராசரி விலை. தம்பிக்கு அடுத்த வேலையாக அதைத்தான் கொடுத்திருக்கிறேன். அட்டவணையை அதே ஒற்றை ஃபைலுக்குள் வை, தேதிக்கு ஒரு ஸ்லைடர் போடு, அதிகபட்சத்துக்கும் சராசரிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒரு பட்டையாக வரை. தேதியை இழுக்கும்போது அந்தப் பட்டை எந்த மாதத்தில் அகலமாகிறது, எந்த மாதத்தில் ஒட்டிப்போகிறது என்று பார்க்க வேண்டும். போனில் விரலால் இழுத்தால் பக்கமும் சேர்ந்து மேலே ஓடுகிறது என்று நேற்றுச் சொன்னான். டச்ஆக்ஷன் என்று ஒரு வரி சி.எஸ்.எஸ். இருக்கிறது, அதைத் தேடிப் படித்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.