செவியும் கருவியும்

செல்பேசிக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. அதை ஒலியாக மாற்ற உள்ளேயே ஒரு சிறு உறுப்பு உண்டு. அது போதாது என்று கருதும் ரசிகர்கள், 'டாக்' என்னும் தனிக் கருவியை வாங்கிச் செருகிக் கொள்கிறார்கள். 2016-ல் ஐபோன் 7 ஹெட்போன் துளையையே எடுத்துவிட்டது. கருவிக்கு அதுவும் ஒரு நியாயம்.

கருவியை நான் பழிக்கவில்லை. பெரிய ஹெட்போனுக்கு வேண்டிய பலத்தை அது தருகிறது. ஆனால் பதிவில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாகவதரின் குரலோடு பழைய பதிவின் இரைச்சலும் சேர்ந்தே துலங்கும்.

கேட்கிற இடம் என்றும் ஒன்று இருக்கிறதே! சாத்தாங்காடு இரும்புச் சந்தையருகே குடியிருப்பவர், சம்பளத்தில் மிச்சம் பிடித்து இதை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரியிலிருந்து தகடு இறங்கும் ஓசையில் அந்த நுட்பமெல்லாம் எங்கே போகும்? காதோடு பொருந்தி வெளிச்சத்தத்தை அடைக்கும் இயர்போன் அவருக்கு அதிக உபகாரம் செய்யும்.

முதலில் நல்ல பதிவு. அடுத்து நல்ல இயர்போன். பிறகு அமைதியான அரைமணி நேரம். அப்புறமும் காசு மிஞ்சினால் கருவி. இந்த வரிசையைப் புரட்டிவிட்டுப் பாட்டில் சுகமில்லை என்றால், பாடியவர் என்ன செய்வார், பாவம்!